ஓதம் ஏறும் பல்

பசியாவரம் தீவில் இருசம்மாளின் கீழ்த்தாடைப் பல் ஒன்று, பழவேற்காட்டு ஏரியில் ஓதம் ஏறும்போது ஓர் அரிசி மணியின் பருமனுக்கு மேலே எழும்பி, ஓதம் வற்றும்போது பழையபடி ஈறுக்குள் போய் உட்கார்ந்தது. ஐஸ் விலை இரண்டு தடவை ஏறிய ஆண்டு அது. தீவுக்குப் பாலம் கட்டத் தூண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம், கடைசிக்கு முந்தைய கடைவாய்ப்பல். அதில் சொத்தையில்லை, வலியும் இல்லை. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரத் தொடங்கினால் பல் ஏறும். ஏரித் தண்ணீர் கடலுக்குத் திரும்பினால் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் என்று அதற்கு ஓய்வு கிடையாது.

அவள் அதைக் கண்டுபிடித்தது பறியால். வலையோ படகோ இல்லாதவர்கள் ஏரியில் இறாலைக் கையாலேயே பிடிப்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவ வேண்டும். வலது கை இறாலைத் துரத்தும், இடது கை வழி மறிக்கும், இரண்டு உள்ளங்கைகளும் சேரும் இடத்தில் அது மாட்டும். நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டாலும் இறால் அந்த வழியே போய்விடும். இரண்டு கைக்கும் இப்படி ஓயாத வேலை இருப்பதால், பிடித்ததைப் போடும் பறியை, பனையோலையில் முடைந்த வாய் குறுகிய பையை, பல்லில் கவ்விக்கொள்வார்கள். இறால் சேரச் சேரப் பறி கனக்கும், தாடை இறுகும். பாவாடை கட்டிய வயதிலிருந்து இருசம்மாளுக்குத் தாடைதான் மூன்றாவது கை. ஒருநாள் காலை, கவ்விய பறி நழுவித் தண்ணீரில் விழுந்தது. மறுபடி கவ்விப் பார்த்தாள், மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவில்லை. அந்த ஒரு பல் மட்டும் கதவிடுக்கில் வைத்த கட்டை போல நடுவில் நின்றது. தண்ணீர் வற்றத் தொடங்கியதும் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஒரு மாதத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடலுக்குப் போன படகுகள் மீனோடு முகத்துவாரத்துக்குள் நுழைய வேண்டுமானால் தண்ணீர் ஏறுமுகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல்மேட்டில் தட்டும். ஆகவே படகுக்காரர்கள் போன் போட்டு, தண்ணீர் எப்படி என்று அவளுடைய கணவன் வடிவேலுவிடம் கேட்டார்கள். வடிவேலு மனைவியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வானிலை வாசிப்பவன் குரலில் பதில் சொன்னான். அவனுடைய தங்கை ருக்குவுக்குக் கேலி பேசாமல் சோறு இறங்காது. அவளுக்கு இது நல்ல தீனியாக அமைந்தது. "அண்ணி, வாயத் தொற. துணி காயப்போடணும், தண்ணி படி வரைக்கும் வருமா இன்னான்னு பாத்துட்டுப் போறேன்" என்பாள். இறால் பிடிக்கிற பெண்கள் இருசம்மாளைச் சுற்றியே தண்ணீரில் இறங்கினார்கள். ஓதம் திரும்புவதை அவளே முதலில் சொல்லிவிடுவதால் ஓடைப் பள்ளத்தில் யாரும் இழுபடவில்லை. எல்லோரும் சிரித்த அந்த மாதங்களில் இருசம்மாள் மட்டும் பயந்துகொண்டிருந்தாள்.

காரணம் சத்தம். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் தாடை எலும்புக்குள் தொலைதூரப் படகு மோட்டார் ஒன்று ஓடுவது கேட்டது. அந்த மோட்டார் நின்றதே இல்லை. சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று கடலை இழுப்பதால் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஓதம் பெரிதாக இருக்கும். அந்த நாட்களில் அவளுடைய இடது கன்னம் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி போலச் சுட்டது. காலையில் குடிக்கிற கஞ்சி முதல் வாயிலேயே சிவந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏரியில் இறங்கிய பிறகு வாய் கொப்பளித்தாள், சேற்றுத் தண்ணீரில் சிவப்பு தெரியாது. மகள் கலைவாணி பொன்னேரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், அவள் விடுமுறைக்கு வரும்போது மட்டும் இருசம்மாள் வலப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு பௌர்ணமியன்று கலைவாணி அம்மாவின் தலையணையில் கறையைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனாள். மீன் அங்காடிக்குப் பக்கத்து மாடியில் ஆல்வின் என்கிற இளைஞர் பல் வைத்தியம் பார்த்துவந்தார். ஆடுகிற பல், பிடுங்கினால் பத்து நிமிஷ வேலை என்று சொல்லிக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டார். எடுத்தவர், எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க விரல் நுனியால் பல்லை அழுத்தினார். பல் உள்ளே போயிற்று. விரலை எடுத்ததும், முக்கிவிட்ட தக்கை போல மேலே வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி வந்தது. நாடித் துடிப்புக்கு ஒரு தடவை என்று அது மெல்லத் துள்ளுவதையும் பார்த்தார். குறடு தட்டில் விழுந்த சத்தத்தில் அடுத்த அறையில் காத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். ஆல்வின் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் கன்னத்தில் வைத்து நெடுநேரம் கேட்டார். அவர் முகத்திலிருந்த நிறம் போவதை இருசம்மாள் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்தாள். தன்னைத் தவிர இன்னொருவர் பயப்படுவதை அன்றுதான் அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

இது பத்தாயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத வியாதி என்று அவர் விளக்கினார். நெஞ்சிலிருந்து வேகமாக வருகிற ரத்தம் வாய்க்கால், கிளை வாய்க்கால், அதற்கும் சின்ன வாய்க்கால் என்று பிரிந்து, வேகம் குறைந்து, பிறகுதான் நெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். அவளுடைய தாடை எலும்புக்குள் நடுவில் இருக்க வேண்டிய சின்ன வாய்க்கால்களே இல்லை. பெரிய குழாயும் திரும்புகிற குழாயும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருக்கின்றன. வேகம் தாங்காமல் எலும்பு தேன்கூடு மாதிரி குடைந்துபோயிருக்கிறது. அந்தக் கூட்டின் மேல் மூடியாக இருப்பது இந்த ஒரு பல். "அக்கா, இதை நான் புடுங்கியிருந்தா நீ இந்த மாடிப்படி எறங்கியிருக்க மாட்ட" என்றார் ஆல்வின். "எப்பவாவது தானா வந்துட்டா தூக்கிப் போட்டுடாதீங்க. வந்த பல்ல அதே குழியில வெச்சு கட்டவெரலால அழுத்திக்கினே சென்னைக்கு ஓடுங்க. வெரல எடுக்கவே கூடாது." ஓதத்தோடு ஏறி இறங்குவதற்கு மட்டும் தன்னுடைய படிப்பில் விளக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். சென்னையில் இதைப் பார்க்கிற டாக்டர் ஹேமாவதியிடம் உடனே போகச் சொன்னார்.

அவள் போகவில்லை. மழை தொடங்கினால் ஆற்றுத் தண்ணீர் வந்து இறாலை ஓரத்துக்குத் தள்ளும், அந்த வாரங்களை விட்டால் ஆண்டு முழுக்க வருத்தப்பட வேண்டும். அதைவிட, சென்னையில் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்கிற பயம். அவளுக்கென்று ஒரு கணக்கும் இருந்தது. இழுத்தால்தான் ஆபத்து, அழுத்தினால் பல் உள்ளே போகிறது. பறியைக் கவ்வும்போது பல்லின் மேல் பல் அழுந்துகிறது. ஆகவே பறி வாயில் இருக்கும்வரை பல் எழும்பாது. வாழ்நாளெல்லாம் பறி கவ்வியவளுக்குத் தோன்றக்கூடிய கணக்கு அது. அவள் வலப்பக்கம் மாற்றிக் கவ்விவந்த பறியை வேண்டுமென்றே இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் இருக்கும்போதும் ஓர் ஓலைத்துண்டைக் கடித்துக்கொண்டாள்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த முற்பகலில், அவளுடைய பறியின் அடிக்கயிறு வலைக்காக நட்டிருந்த கழியொன்றில் மாட்டிக்கொண்டது. ஓதம் அவளை ஒரு பக்கம் தள்ளியது, பறி வர மறுத்தது. வாயைத் திறந்திருந்தால் பறி மட்டும் போயிருக்கும். ஆனால் பறி இழுபட்டால் வாயை இறுக்குவதுதான் கையால் இறால் பிடிப்பவர்களின் பழக்கம். இழுபட்ட பறியை விட்டவள் அன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போவாள் என்பதை அவர்களுடைய தாடைகள் அவர்களைக் கேட்காமலே அறிந்துவைத்திருக்கின்றன. இருசம்மாளின் தாடை இறுகியது. கழி அசையவில்லை. பல் வந்துவிட்டது.

முதலில் வந்தது ரத்தம். அதன் பின்னால் ஏரி வந்தது. அருகிலிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்ததால் இதில் கருத்து வேறுபாடு இல்லை. அவள் வாயிலிருந்து சிவப்பாகக் கொட்டியது கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்று வாடையோடு கலங்கலாக மாறியது, அதில் கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள் துள்ளின. அதே நேரம் கரையில், ஓதம் எட்டாத மீன் ஏலக் கொட்டகைக்குள் தண்ணீர் நுழைந்து தராசுத் தட்டுகளைத் தூக்கியது. கட்டியிருந்த ஆடுகள் கத்தின. ருக்கு அண்ணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் பெயரைச் சொல்லி அலறினாள். வடிவேலு படகிலிருந்து குதித்து வந்து, கழியில் தொங்கிய பறியைத் துழாவி, ஓலை முடைச்சலில் செருகி நின்ற பல்லைக் கண்டுபிடித்தான். ஆல்வின் சொன்னதை மகள் அவனுக்குப் போனில் நாள் தவறாமல் ஒப்பித்திருந்தாள். பல்லைக் குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். கொட்டகைத் தண்ணீர் அப்படியே நின்றது.

அந்த விரலோடுதான் படகில் ஏறினார்கள், அந்த விரலோடுதான் பழவேற்காட்டில் ஆம்புலன்சுக்கு மாறினார்கள். ஆல்வின் மாடியிலிருந்து ஓடிவந்து கூடவே ஏறிக்கொண்டார். பொன்னேரிச் சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் விரல் சற்றே எழும்பியது. பள்ளத்துக்கு ஒரு சாண் வீதம் தண்ணீர் வீடுகளை நோக்கி வந்ததாக ருக்கு பிற்பாடு சொன்னாள். கணவனின் விரல் வாயில் இருந்ததால் இருசம்மாளால் எதுவும் கேட்க முடியவில்லை. அந்த விரலில் உப்பும் டீசலும் மணத்தன. அது நடுங்குவதை அவள் நாக்கால் உணர்ந்தாள், தான் கடித்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று வழி முழுக்கப் பயந்தாள்.

டாக்டர் ஹேமாவதி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவர், சத்தமாகப் பேசாதவர். வாயும் தாடையும் சம்பந்தப்பட்ட அபூர்வ வியாதிகளிலேயே வயதைக் கழித்தவர். விரலை எடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. விரலைச் சுற்றிப் பஞ்சுத்துணி திணித்து, துணியின் அழுத்தம் விரலுக்கு ஈடாக ஏறிய பிறகே வடிவேலுவை விலகச் சொன்னார். அந்த விரல் பிறகு இரண்டு நாள் மடங்கவில்லை. தாடையைச் சுற்றி வந்து படம் எடுக்கிற இயந்திரத்தில் எலும்பு சோப்பு நுரை போலத் தெரிந்தது. நுரை போலத் தெரிவதெல்லாம் இந்த வியாதி ஆகிவிடாது, வெறும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். கத்தி வைப்பதற்கு முன்னால் ஊசி வைத்துப் பார்ப்பது விதி. ஹேமாவதி ஊசியை எலும்புக்குள் செலுத்திவிட்டு, பின்தண்டை இழுக்காமல் சும்மா பிடித்திருந்தார். நீர்க்கட்டி என்றால் இழுத்தால்தான் வரும். தண்டு யாரும் இழுக்காமல் தானாகப் பின்னால் நகர்ந்தது. குழாயின் அடிப்பாதியில் ரத்தம், மேல்பாதியில் தெளிந்த தண்ணீர், அதற்குள் ஓர் இறால் குஞ்சு. ஹேமாவதி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ரத்தக்குழாய் வியாதி உறுதி என்று உதவியாளரை எழுதச் சொன்னார், இறால் குஞ்சு ஒன்று என்றும் எழுதச் சொன்னார், அதை உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

சாயம் ஏற்றி எடுத்த படத்தில் தாடைக்குள் ஓடிய வாய்க்கால்கள் எல்லாம் தெரிந்தன. கணினித் திரையைப் பார்த்த வடிவேலு, இது ஆரணியாறு வந்து விழுகிற இடம், இது பக்கிங்காம் கால்வாய், இது முகத்துவாரத்து ஓடை என்று விரல் வைத்துச் சொன்னான். ஹேமாவதி மறுக்கவில்லை, எது எதில் போய்ச் சேர்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு இருசம்மாளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிகிச்சையை விளக்கினார். வாயில் அடைத்துப் பயனில்லை, வருகிற வழியில் அடைக்க வேண்டும். தொடை ரத்தக்குழாயில் மெல்லிய குழல் ஒன்றை நுழைத்து, வயிறு, நெஞ்சு, கழுத்து வழியாகத் தாடைவரை கொண்டுபோய், தாடைக்கு ஊட்டுகிற ஒவ்வொரு வாய்க்காலிலும் பசை விட்டு இறுகச் செய்வார்கள். நாக்குக்கும் முகத்துக்கும் போகிற வழிகளைத் தொடமாட்டார்கள். மயக்க மருந்து கிடையாது, குத்துகிற இடம் மட்டும் மரத்துப்போகும். வாய் நிறையத் துணியோடு இருந்த இருசம்மாள், பொன்னேரியிலிருந்து வந்துவிட்ட மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் கெஞ்சி, துணியை ஓரமாக ஒதுக்கச் செய்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாத்தையும் அடச்சிட்டா ஏரி இன்னா ஆவும் டாக்டரம்மா?"

"நீங்க பொழைப்பீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார் ஹேமாவதி.

சிகிச்சை அறையின் கதவுக்கு வெளியே வடிவேலு காதில் போனோடு நின்றான், மறுமுனையில் ருக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். முதல் வாய்க்கால் அடைபட்டதும் கொட்டகைத் தண்ணீர் வடிந்தது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. இரண்டாவது அடைபட்டபோது ஓதம் வழக்கமான மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஒவ்வொன்றாக அடைபட அடைபட, ஏறவேண்டிய தண்ணீர் ஏறவில்லை, வற்றவேண்டியதும் வற்றவில்லை. ருக்குவின் குரலில் கேலி போய்விட்டது. "அண்ணே, தண்ணி எந்தப் பக்கமும் போவல. கொளம் மாதிரி நிக்குது. மடவை மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. எனக்குப் பயமா கீதுண்ணே." வடிவேலு கதவுக்கு அருகில் நின்று அதை அப்படியே திருப்பிச் சொன்னான், கதவு மெல்லியது.

உள்ளே இருசம்மாளுக்கு அது காதில் விழ வேண்டிய தேவை இருக்கவில்லை. தாடைக்குள் ஓடிய மோட்டார் ஒவ்வொரு பசைத்துளிக்கும் ஒரு படி தணிந்துகொண்டே வந்தது. இத்தனை மாதமாக அவளைப் பயமுறுத்திய சத்தம் போகப் போக, அது இல்லாத இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது: எதுவும் வராத, எதுவும் போகாத ஒரு மௌனம். இறால் இல்லாத சேற்றைத் துழாவும்போது கைக்குக் கிடைக்கும் மௌனம் அது. கடைசியில் நூல் பருமனில் ஒரே ஒரு வாய்க்கால் மிஞ்சியது. ஹேமாவதி திரையில் அதைக் காட்டினார். இதையும் அடைத்தால் தனக்கு நிம்மதி, விட்டால் நாளாவட்டத்தில் பெருக்கக்கூடும், இந்த வியாதியின் குணமே அதுதான், விட்ட வழியை அது அகலப்படுத்திக்கொள்ளும் என்று மறைக்காமல் சொன்னார். வெளியிலிருந்து வருகிற சேதியும் தன் காதில் விழுகிறது என்றார். "உயிர் உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

இருசம்மாள் சாகப் பயந்தாள். மகளுடைய படிப்பு முடியவில்லை. வழியில் கணவனுடைய விரல் நடுங்கியது இன்னும் நாக்கில் இருந்தது. துணியைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் வெள்ளை விரிப்பின் மேல் வைத்து, சேற்றில் துழாவுவது போல இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்ல நகர்த்தினாள். உள்ளங்கைகள் நெருங்கின. சேரும் இடத்தில், ஒரு விரற்கடை விட்டு, நிறுத்திக்கொண்டாள். வாழ்நாளில் ஒருதரம்கூட அவள் வேண்டுமென்று விட்டிராத இடைவெளி அது. ஹேமாவதி அந்தக் கைகளைப் பார்த்தார். அவருடைய நெற்றியிலும் வியர்த்திருந்தது. பிறகு குழலை வெளியே இழுக்கச் சொன்னார்.

ருக்குவின் காலடியில் தண்ணீர் மெல்ல, மிக மெல்ல, கடல் பக்கமாக நகரத் தொடங்கியது.

பல் குழியிலேயே பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பற்களோடு அதைக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். பறியை இனிமேல் வாயால் தொடக்கூடாது, முறுக்கு கூடாது, மாதம் தவறாமல் வந்து படம் எடுக்க வேண்டும் என்பது ஹேமாவதியின் கண்டிப்பு. நூல் வாய்க்கால் அதன் பிறகு சற்றுப் பெருத்தது, ஹேமாவதி அதைச் சற்று ஒடுக்கினார். இன்றுவரை வாய்க்காலும் டாக்டரும் மாறி மாறி இப்படியே செய்துகொண்டிருக்கிறார்கள். பல் இப்போது காகிதத்தின் பருமனுக்கு மட்டுமே எழும்புகிறது. ஏரியிலும் ஓதம் முன்னைப்போல ஏறுவதில்லை. அதிகாரிகள் வந்து அளந்துபார்த்து, முகத்துவாரத்தில் மணல் சேர்வதுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவும் உண்மைதான். இருசம்மாள் படகின் நுனியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருப்பாள். திரும்புது என்று அவள் சொன்னதும் தண்ணீரில் இருக்கும் பெண்கள் கரைக்குத் திரும்புவார்கள். பிடித்ததில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு.

பௌர்ணமியும் அமாவாசையும் வந்தால் பசியாவரத்தில் இன்றும் பயம்தான். அந்த நாட்களில் ஓதம் ஏறி வற்றும்வரை யாரும் அவளைப் பேசவைப்பதில்லை, முக்கியமாகச் சிரிக்கவைப்பதில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்த ஒரு தை மாதப் பௌர்ணமியில் தண்ணீர் ஏலக் கொட்டகையின் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அன்று சிரிக்கவைத்தவள் ருக்கு. ஆகவே இப்போதெல்லாம் பௌர்ணமி நாளில், தண்ணீரில் இறங்காவிட்டாலும், வீட்டு வேலை செய்தாலும், ரேஷன் கடை வரிசையில் நின்றாலும், தண்ணீர் வற்றும்வரை ருக்குவின் வாயில் ஒரு வெறும் பறி கவ்வியபடி இருக்கும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் காரணம் சொல்வார்கள். ருக்கு தலையை மட்டும் ஆட்டுவாள்.